அடை, தண்ணி, அப்புறம் வி.பி.எஸ்!

செமஸ்டர் முடிஞ்சாச்சு. ஹாஸ்டல் ரூமைக் காலி பண்ணி, பக்கெட், பெட்ஷீட், பாதி எழுதின ரெக்கார்டு நோட்டு எல்லாத்தையும் மூட்டை கட்டி ஊருக்குக் கிளம்பியாச்சு. 'இனி லீவு முழுக்க ஜாலிதான்'னு நினைச்சுத்தான் பஸ் ஏறியிருப்பீங்க. ஆனா, நீங்க சர்ச்சுக்குப் போற வீட்டுப் பொண்ணா இருந்தா, உங்க லீவு உங்களைக் கேட்காமலே புக் ஆகியிருக்கும்! இந்த வாரம் அந்தத் தோழிகளோடதான் பேச்சு. (மத்தவங்களும் படிக்கலாம்ப்பா... உங்க வீட்டுலயும் ஏறக்குறைய இதே கதைதானே!)

வி.பி.எஸ்-க்கு நீங்கதான் டீச்சர்னு பாஸ்டரம்மா ஏற்கெனவே பேர் கொடுத்திருப்பாங்க. ஆக்‌ஷன் சாங் சொல்லிக் கொடுக்கணும், சார்ட் ஒட்டணும், கடைசி நாள் புரோகிராமுக்கு வாண்டுகளுக்கு தேவதூதன் இறக்கை தைக்கணும். சாயந்தரம் க்வயர் பிராக்டீஸ். நெல்லை, தூத்துக்குடி பக்கம்னா பல ஊர்கள்ல கோவில் பிரதிஷ்டைப் பண்டிகையும் அசனமும் இந்த சீசன்லதான். மூட்டை மூட்டையா வெங்காயம் உரிக்க கூப்பிடுவாங்க. நடுவுல சித்தி பொண்ணு கல்யாணம். வீட்டுக்கு வர்ற விருந்தாளிகளுக்கு டீ போடறது தனிக் கணக்கு. அண்ணன்காரன் அப்ப என்ன பண்றான்னு கேட்கறீங்களா? ஃபேனுக்கு அடியில மேட்ச் பார்க்கறான்.

கோபம் வந்தாலும், 'முடியாது'ன்னு சொல்ல வாய் வராது. ஏன்னா இதுல பாதி 'ஊழியம்'. அதுக்கு நோ சொன்னா ஆண்டவருக்கே நோ சொன்ன மாதிரி உள்ளுக்குள்ள ஒரு உறுத்தல். விளைவு? காலேஜ் திறக்கும்போது, எக்ஸாம் ஹாலைவிட்டு வெளியே வந்த அன்னிக்கு இருந்ததைவிட முகம் டல்லா இருக்கும்.

இதுக்கு பைபிள்லயே ஒரு ஆள் இருக்கார். எலியா. 1 இராஜாக்கள் 19-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்க. கர்மேல் மலையில அவ்வளவு பெரிய காரியம் செஞ்சு முடிச்ச மனுஷன், அடுத்த அதிகாரத்திலேயே வனாந்தரத்துல ஒரு சூரைச்செடிக்கு அடியில உட்கார்ந்து, செத்துப்போனா தேவலைங்கற நிலைக்கு வந்துடறார். அப்ப கடவுள் என்ன பண்ணினார்? 'விசுவாசம் போதலையே'ன்னு கிளாஸ் எடுக்கலை. எலியாவைத் தூங்க விட்டார். தேவதூதன் தட்டி எழுப்பி சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணியும் கொடுத்தார். (தொட்டுக்க அவியல் இருந்ததா, தெரியலை!) சாப்பிட்டுட்டு மறுபடி தூங்கினார். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு. பிரயாணம், பேச்சு, புது வேலை எல்லாம் அதுக்கப்புறம்தான். ரெண்டு தூக்கம், ரெண்டு சாப்பாடு... அது ஊழியத்துக்கு நடுவுல வந்த இடைஞ்சல் இல்லை தோழி, அதுவும் கடவுள் ஏற்பாடுதான்.

மலையேறி ஓய்வெடுத்த மிஷனரிகளும் உண்டு. மதுரையில இருந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பிச்சு 1845-ல பங்களா கட்டின இடம்தான் இன்னிக்கு நீங்க டூர் போற கொடைக்கானல். 1900-ல வேலூர்ல ஒரே ஒரு படுக்கையோட சி.எம்.சி-க்கு விதை போட்ட டாக்டர் ஐடா ஸ்கடருக்கும் அங்கே வீடு இருந்துச்சு. 89 வயசு வரைக்கும் வாழ்ந்து, 1960-ல அங்கேதான் கண்ணை மூடினாங்க. அவங்களை சோம்பேறின்னு யாராவது சொல்வீங்களா?

நமக்குக் கொடைக்கானல்ல பங்களா கிடையாது. மொட்டை மாடி இருக்கு. காலையில வெயில் ஏறுறதுக்கு முந்தி அரைமணி நேரம் போதும், போனைக் கீழேயே வெச்சுட்டுப் போங்க. மாற்கு சுவிசேஷம் மொத்தமே 16 அதிகாரம், நாளுக்கு ஒண்ணுன்னா பதினாறே நாள். வாட்ஸ்அப்ல வர்ற வசன கார்டை ஃபார்வர்ட் பண்றதை தியானக் கணக்குல சேர்க்காதீங்க, ப்ளீஸ்.

வந்த முதல் மூணு நாள் தூங்குங்க. அப்புறம் அம்மாகூட உட்கார்ந்து, இந்த லீவுல நான் எதை எல்லாம் செய்யப்போறேன்னு பேசி முடிவு பண்ணிடுங்க. நீங்க முடிவு பண்ணலைன்னா ஊரே முடிவு பண்ணிடும். வி.பி.எஸ்-ல பாட்டு சொல்லிக் கொடுக்கப் பிடிக்குமா? அதை மட்டும் ஆசையா செய்ங்க. "அக்கா, பாட்டு நான் பார்த்துக்கறேன். சார்ட்டும் டெக்கரேஷனும் இந்தத் தடவை வேற யாராவது பார்க்கட்டும்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லலாம். தப்பே இல்லை. அண்ணன் கையில கத்திரியைக் கொடுக்கச் சொல்லியும் ஐடியா தரலாம்!

உடம்பு விஷயத்துக்கு வருவோம். 2019-21-ல எடுத்த தேசிய குடும்பநல ஆய்வுப்படி, நம்ம நாட்டுல 15-லிருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. மாடி ஏறினா மூச்சு வாங்குது, எப்பவும் அசதின்னா அது சோம்பேறித்தனமா இருக்கணும்னு இல்லை. ஒரு ஹெச்.பி. டெஸ்ட் எடுங்க. 12-க்குக் கீழே இருந்தா டாக்டரைப் பாருங்க. முருங்கைக்கீரையும் பயறும் சாப்பிடும்போது கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கங்க, சாப்பாடு முடிஞ்ச கையோட டீ வேண்டாம். பீரியட்ஸ் ஏழு நாளுக்கு மேல நீடிச்சாலோ, மணிக்கொரு தடவை பேட் மாத்த வேண்டியிருந்தாலோ 'பொண்ணுன்னா அப்படித்தான்'னு விட்டுடாதீங்க. கல்யாண வீட்டுல பாத்ரூம் சரியில்லைன்னு தண்ணி குடிக்காம இருக்கறதும் கூடாது. இந்த வெயிலுக்கு யூரினரி இன்ஃபெக்‌ஷன் வரவேற்பு வளைவு வெச்சுக் காத்திருக்கும்.

மனசும் அப்படித்தான். வாரக்கணக்கா எதுலயும் பிடிப்பில்லை, தூக்கமில்லை, எலியா மாதிரி 'போதும்டா சாமி'ன்னு தோணுதுன்னா, 'நல்லா ஜெபம் பண்ணு, சரியாயிடும்'னு மட்டும் சொல்றவங்களோட நிறுத்திக்காதீங்க. ஜெபமும் பண்ணுங்க, டாக்டர்கிட்டயும் போங்க. 14416-ங்கற டெலி மானஸ் நம்பர் அரசாங்கத்தோடது, இலவசம். ராத்திரி ரெண்டு மணிக்கும் தமிழ்ல பேசலாம்.

ஹெச்.பி. டெஸ்ட்டுக்குப் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போங்க. கடைசியா எப்போ எடுத்தீங்கன்னு கேட்டுப் பாருங்களேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "நீ வயித்துல இருக்கும்போது"ம்பாங்க!