பிசினஸ் ஸ்கோப் என்ன?

2009ல் இறுதியாண்டு புராஜெக்ட் வைவாவுக்கு வந்த வெளித் தேர்வாளர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "இதோட பிசினஸ் ஸ்கோப் என்னப்பா?" நாங்கள் நான்கு பேர், கல்லூரி லேபின் முப்பது கணினிகளை காண்டர் என்ற மென்பொருளால் கோத்து, மாலை ஐந்து மணிக்குமேல் சும்மா கிடக்கும் பிராசஸர்களுக்கு வேலை கொடுத்திருந்தோம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் எழுதிய மென்பொருள் அது. யாராவது கீபோர்டைத் தொட்டால் மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும். (அதற்குமுன் குளோபஸ் டூல்கிட்டை நிறுவ முயன்று மூன்று வாரம் தொலைத்தது தனிக்கதை.) இரவு முழுக்க ஓடும் கணக்கு நாற்பது நிமிடத்தில் முடிந்தது. தேர்வாளர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

பிசினஸைப் பற்றிக் கேட்டது தப்பு என்று சொல்ல மாட்டேன். அதே கேள்வியை மொத்தத் துறையும் கேட்டு, கிடைத்த பதிலுக்கு கிரிட்டின் பெயரையே ஒட்டிக்கொண்டதுதான் எனக்கு இன்றும் எரிகிறது.

மின்சாரக் கட்டமைப்பைப் பார்த்து வைத்த பெயர் அது. ப்ளக்கைச் செருகினால் கரண்ட் வருவதுபோல கணிக்கும் திறனும் வரவேண்டும் என்று இயன் ஃபாஸ்டரும் கார்ல் கெஸல்மனும் தொண்ணூறுகளின் இறுதியில் எழுதினார்கள். 1999ல் செட்டி அட் ஹோம் வந்தது. ஸ்க்ரீன் சேவர் ஓடும் நேரத்தில் வேற்றுக்கிரக சிக்னல் தேடுவதற்காக லட்சக்கணக்கானவர்கள் தங்கள் கணினியை இலவசமாகக் கொடுத்தார்கள். மக்கள் இப்படிக் கொடுப்பார்கள் என்று தெரிந்ததும் முதலாளிகளுக்கு நாக்கில் எச்சில். ஆரக்கிள் 2003ல் தன் டேட்டாபேஸுக்கு 10ஜி என்று பெயர் வைத்தது. ஜி என்றால் கிரிட். சன் நிறுவனம் ஒரு சிபியு மணி நேரம் ஒரு டாலர் என்று கடை விரித்தது. 2006 ஆகஸ்டில் அமேசான் மணிக்குப் பத்து சென்ட்டுக்கு ஒரு முழு சர்வரையே வாடகைக்கு விட்டது. 2010ல் சன்னை ஆரக்கிள் வாங்கியது. 2013ல் வந்த ஆரக்கிள் பதிப்பின் பெயர் 12சி. சி என்றால் கிளவுட். ஒரே ஒரு எழுத்தை மாற்றி முடித்துவிட்டார்கள்!

"கிரிட் கண்ட கனவுதான் பாஸ் கிளவுட்" என்று எந்த கான்ஃபரன்ஸுக்குப் போனாலும் யாராவது சொல்கிறார்கள். சுத்தப் பொய். மொட்டைமாடியில் சோலார் பேனல் போட்டால் உங்கள் கரண்டும் மின்வாரியக் கம்பியில் ஏறும், பில்லில் கழித்துக்கொள்வார்கள். கிளவுடில் உங்கள் பக்கமிருந்து ஏறக்கூடியது காசு மட்டும்தான்.

எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. 2003லேயே மைக்ரோசாஃப்டின் ஜிம் கிரே கணக்குப் போட்டுக் காட்டினார்: நெட்வொர்க்கில் டேட்டாவை நகர்த்த ஆகும் செலவு, அதைக் கணிக்க ஆகும் செலவைச் சாப்பிட்டுவிடும். அதனால் டேட்டா எங்கே இருக்கிறதோ அங்கே கணக்கைக் கொண்டுபோ என்றார். செட்டி ஜெயித்தது டேட்டா குறைவு, கணக்கு அதிகம் என்பதால். தவிர, எந்த வங்கி தன் கணக்கை முகம் தெரியாதவன் லேப்டாப்பில் ஓட்டும்? முதலீட்டு வங்கிகள் கிரிட்டைப் பயன்படுத்தின, ஆனால் தங்கள் மதில்சுவருக்குள்.

வேடிக்கை என்னவென்றால், கிரே சொன்ன அதே நகர்த்தும் செலவைத்தான் கிளவுட்காரர்கள் கேட் ஆக்கினார்கள். டேட்டா உள்ளே வர இலவசம், வெளியே எடுக்கக் கட்டணம். 2024ல் பெரிய நிறுவனங்கள் இதைத் தளர்த்தின, மொத்தமாகக் காலி செய்துகொண்டு போகிறவர்களுக்கு மட்டும். அட்வான்ஸைத் திருப்பித் தரும் வீட்டு ஓனர் மாதிரி, போகும்போதுதான் நல்லவர்.

பிசினஸ் ஸ்கோப் கேட்காத இடங்களில் கிரிட் என்ன ஆனது? செர்னின் துகள்மோதி கொட்டும் டேட்டாவை சுமார் நாற்பது நாடுகளின் கணினி மையங்கள் பங்கு போட்டுக் கணிக்கின்றன. மும்பை டிஐஎஃப்ஆரும் கொல்கத்தா விஈசிசியும் அதில் உண்டு. 2012ல் ஹிக்ஸ் போஸான் அகப்பட்டதில் அந்த கிரிட்டுக்கும் பங்கு இருக்கிறது. 2020ல் கொரோனாவைக் கண்டு பயந்துபோன மக்கள் ஃபோல்டிங் அட் ஹோமில் குவிந்தார்கள். அவர்கள் கணினிகள் சேர்ந்து எக்ஸாஃப்ளாப் வேகத்தைத் தாண்டின. எந்த ஒற்றை சூப்பர் கம்ப்யூட்டரும் அப்போது அந்தக் கோட்டைத் தொட்டதில்லை. இதையெல்லாம் தோல்வி என்று எழுதுகிறவர்கள் எந்தத் தராசை வைத்திருக்கிறார்கள்?

நண்பன் ஒருவன் பழைய தமிழ்ப் புத்தகங்களை ஓசிஆர் செய்ய ஒரு மாடலைப் பயிற்றுவிக்கிறான். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு ஜிபியு வாடகைக்குப் போகிறது. மாடல் பயிற்சியை ஆளுக்கொரு மூலையில் உள்ள லேப்டாப்புகளுக்குப் பிரித்துக் கொடுப்பது கஷ்டம், தெரியும். ஆனால் பயிற்சி முடிந்த மாடலை வைத்து லட்சம் பக்கங்களை வாசிப்பது அப்படியல்ல. பக்கத்துக்குப் பக்கம் சம்பந்தமே இல்லாத வேலை, காண்டருக்கென்றே செய்தது. நம் மாநிலத்தில் நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளின் லேப்கள் மாலையில் பூட்டிக் கிடக்கின்றன. கரண்ட் பில் யார் கட்டுவது என்பீர்கள். சரியான கேள்வி, பேசலாம். "ரெவின்யூ மாடல் என்ன?" என்று ஆரம்பித்தால் எனக்குப் பேச்சே வேண்டாம்.

வைவாவில் நான் "தெரியல சார்" என்றேன். திங்கட்கிழமை எல்லாக் கணினிகளிலிருந்தும் காண்டரை நீக்கிவிட்டார்கள். அன்று சாயங்காலம் லேப் உதவியாளர் அண்ணன், சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, உங்க கணக்கு ஏதும் ஓடுதா? சிஸ்டத்த எல்லாம் ஆஃப் பண்ணிரலாமா?" என்று கேட்டார்.