நாய் இருந்தாலும் தாழ்ப்பாள் வேண்டும்!

எங்கள் ராஜபாளையத்தில் தபால்காரர் தெருமுனை திரும்பும்போதே நாய் குரைத்துச் சொல்லிவிடும். எங்க ஊர் நாய்க்கு 2005-ல் தபால் தலையே வெளியிட்டார்களே! கம்ப்யூட்டரில் மின்னஞ்சல் வந்தால் சொல்வதற்கென்று அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1980-ல் வந்த புரோகிராமுக்கும் 'பிஃப்' என்று ஒரு நாயின் பெயரைத்தான் வைத்தார்கள். இன்று அந்தக் காவலைச் செல்போனே பார்க்கிறது. நாம் தொடாவிட்டாலும் மெயில் வந்தால் 'டிங்' என்கிறது.

அதை நம்பித்தான் ஏமாந்தோம். போன ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். தேர்க்கூட்டத்தில் சார்ஜ் தீர்ந்துவிடக் கூடாதே என்று என் மகள் போனில் 'பேட்டரி சேவர்' போட்டாள். ஊர் திரும்பியும் எடுக்க மறந்துவிட்டாள். அதைப் போட்டால் மெயில் பார்க்கிற வேலையும் நின்றுபோகும் என்று யார் கண்டது? நாலாம் நாள் திறந்தால், இன்டர்வியூவுக்கு வரச்சொல்லி மெயில்! தேதி முந்தின நாளே முடிந்திருந்தது. போன் செய்து கெஞ்சினோம். "அனுப்பிட்டோம்மா, பாக்காதது உங்க தப்பு" என்றார்கள். இரண்டு நாள் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை.

வேலைக்கு ஆள் கூப்பிடுகிறவர்கள் மெயிலோடு ஒரு போனும் செய்தால் என்ன குறைந்துவிடும்? தாய்மார்களே, மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகளைக் காலையும் இரவும் தாங்களே மெயிலைத் திறந்து, 'ஸ்பேம்' பகுதியையும் பார்க்கச் சொல்லுங்கள். வாசலில் நாய் படுத்திருந்தாலும், தூங்கப் போகுமுன் தாழ்ப்பாளை நாம்தானே பார்க்கிறோம்!

— ஒரு தாய், ராஜபாளையம்