கல்லில் எண் இருக்கிறது, பெயர் எங்கே?

அக்னித் தலம் என்று பெயர் பெற்றது நமது திருவண்ணாமலை. கார்த்திகை தீபத்தன்று மலையை அண்ணாந்து பார்க்க லட்சக்கணக்கான மக்கள் கூடுகிறார்கள். தேர்த் திருவிழாவில் ஆயிரம் கைகள் வடம் பிடிக்கின்றன. ஆனால் அந்தத் தேருக்குச் சக்கரம் செய்த தச்சன் யார், அச்சு அடித்த கொல்லன் யார் என்று எவரும் கேட்பதில்லை. உழைக்கும் கையை மறப்பது இந்தச் சமுதாயத்தின் பழைய நோய்.

அந்தக் கையோடு பட்டாளத்துக்குப் போனவர்களைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

மதராஸ் சாப்பர்ஸ் என்ற படையின் வரலாறு 1780-ல் கம்பெனி ஆட்சியில் தொடங்கியது. பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி அகற்றுவது அதன் வேலை. அங்கே துப்பாக்கி பிடித்தால் மட்டும் போதாது. தச்சு, கொல்லு, கொத்து என்று ஒரு கைத்தொழிலும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டின் கம்மியர்களும், ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட சேரி மக்களும் அதில் திரளாகச் சேர்ந்தார்கள்.

19-ம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைத் தளபதிகள் ஒரு தத்துவம் கண்டுபிடித்தார்கள். சில சாதிகள்தான் போருக்குப் பிறந்தவையாம். தென்னாட்டான் அதற்கு லாயக்கில்லையாம்! சென்னை மாகாணத்தின் காலாட்படைகளை ஒவ்வொன்றாகக் கலைத்தார்கள். 1920-களின் இறுதிக்குள் அவை அனைத்தும் போயின. சாப்பர்ஸை மட்டும் கலைக்கவில்லை. நம்மீது கொண்ட அன்பினாலா? இல்லை. உளியும் சம்மட்டியும் பிடித்த கை இல்லாமல் பீரங்கி ஆற்றைத் தாண்டாது. அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

1939-ல் யுத்தம் வந்தது. லாயக்கில்லாதவன் ஒரே நாளில் லாயக்கானவன் ஆனான்! சுமார் 2 லட்சமாக இருந்த இந்தியப் படை 1945-ல் 25 லட்சத்தைத் தாண்டியது. நம்மவர்களைப் பட்டாளத்துக்கு அனுப்பியது ராஜபக்தி அல்ல, பசியும் கடனும்தான். ஆனாலும் பாசிசத்தை முறியடித்ததில் அவர்களுக்குப் பங்குண்டு. அந்தப் பெருமையை ஏகாதிபத்தியத்துக்கு விட்டுக்கொடுக்க மாட்டோம்.

1944 டிசம்பரில் பர்மாவில், சிந்த்வின் ஆற்றின்மீது கலேவாவில், இந்தியப் பொறியியல் படையினர் 1,154 அடி நீளப் பாலம் அமைத்தார்கள். அந்த வகை இரும்புப் பாலங்களில் அன்று உலகிலேயே நீளமானது அதுதான். அதே ஆண்டு இத்தாலியில், சாப்பர்ஸ் படையின் சுபேதார் சுப்ரமணியன் வெடிக்கவிருந்த கண்ணியின் மேல் பாய்ந்து விழுந்தார். தம் உயிரைக் கொடுத்துத் தோழர்களைக் காத்தார். ஜார்ஜ் கிராஸ் என்ற பெரிய விருதை அவர் பெயருக்கு அறிவித்தார்கள்.

செத்தவருக்குப் பதக்கம். உயிரோடு திரும்பியவனுக்கு என்ன கிடைத்தது? யுத்தம் முடிந்ததும் லட்சக்கணக்கானோரைக் கணக்குத் தீர்த்து வீட்டுக்கு அனுப்பினார்கள். யுத்த காலத்துக்கென்று சேர்ந்தவர்களுக்குப் பென்ஷன் இல்லை. உலகம் வியந்த பாலத்தைக் கட்டியவன் பழைய கூலிக்கே திரும்பினான். சேரியிலிருந்து போனவன் அதே சேரிக்குத் திரும்பினான்.

1946 பிப்ரவரியில் பம்பாயில் கடற்படை மாலுமிகள் கிளர்ந்தெழுந்தது சும்மா அல்ல. நல்ல உணவு, வெள்ளையனுக்குச் சமமான ஊதியம், படையிலிருந்து விடுபடுவோருக்கு வாழ வழி ஆகியவை அவர்களுடைய கோரிக்கைகளில் இருந்தன. அதற்காக வேலை இழந்தவர்களைச் சுதந்திர இந்தியாவின் கடற்படையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் மகாயுத்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றில் வெள்ளைக்காரன் ஒரு கல் பதித்தான். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் மாண்டார்கள் என்று அதில் எழுதியிருக்கும். எண் உண்டு, பெயர் கிடையாது. ஆளும் வர்க்கத்தின் கணக்குப் புத்தகத்தில் உழைப்பாளி என்றும் ஓர் எண்தான்!

பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள், தோழர்களே. 2022 ஜூனில் ஒன்றிய அரசு அக்னிபாத் திட்டத்தைக் கொண்டுவந்தது. நான்கு ஆண்டு வேலை. அதன்பின் நூற்றுக்கு 25 பேர் வரைதான் படையில் நிலைக்க முடியும். மற்றவர்களுக்கு ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பென்ஷன் இல்லை, பணிக்கொடையும் இல்லை. கைத்தொழில் வேலைக்கென்று எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் படித்த பிள்ளைகளை எடுக்கும் பிரிவும் அதில் இருக்கிறது. ஆலைத் தொழிலாளிக்கு ஒப்பந்தக் கூலி, சிப்பாய்க்கும் ஒப்பந்தக் கூலி! 1945-ல் வெள்ளையன் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஆகவே நாம் சொல்வது இரண்டு. படைக்கு உழைப்பைக் கொடுத்த ஒவ்வொருவருக்கும் நிரந்தர வேலையும் பென்ஷனும் வேண்டும் என்று போராடுவோம். இரண்டாவது, நம் கையிலேயே இருக்கும் வேலை. உங்கள் தெருவில் பட்டாளத்துத் தச்சரோ கொல்லரோ வாழ்ந்திருப்பார். அவருடைய டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புத்தகம் கரையான் அரிக்கக் கிடக்கும். அதை எடுங்கள். பேரன் பேத்திகளிடம் கேளுங்கள். அவர் எங்கே போனார், என்ன கட்டினார், திரும்பி வந்து எப்படிப் பிழைத்தார் என்று எழுதி வையுங்கள். சங்க அலுவலகச் சுவரில் அந்தப் பெயர் ஏறட்டும்.

வெள்ளையன் கல்லில் எண்ணை வெட்டினான். பெயரை நாம் எழுதுவோம்!