செருப்புக்காகக் காலை வெட்டலாமா?

உங்கள் பெயரை யாராவது தப்பாக எழுதினால் கோபம் வருமா, வராதா?

சீன மொழியில் நம் அ, ஆ போல ஒலிக்கு ஓர் எழுத்து கிடையாது. பெரும்பாலான எழுத்துகளுக்குத் தனிப் பொருள் உண்டு. அதனால், எழுத்துகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அத்தனையும் போதாது என்று, தன் பெயருக்காகப் புது எழுத்தையே உருவாக்கினார் ஓர் அரசர்!

அவர் லியூ யென். கி.பி. 917-ல் தெற்குச் சீனாவில் 'தெற்கு ஹான்' அரசை நிறுவியவர். மேலே 'டிராகன்' எழுத்து, அதன் கீழே 'வானம்' எழுத்து. இரண்டும் சேர்ந்தால் 'யென்'. 'வானில் பறக்கும் டிராகன்' என்று பொருள். கம்பீரமாக இருக்கிறது அல்லவா?

இந்த எழுத்து இன்றும் சிலர் பெயரில் உண்டு. ஆனால், இதுபோன்ற அபூர்வ எழுத்துகள் பல கம்ப்யூட்டர்களில் இல்லை. வங்கிக் கணக்கு, ரயில் டிக்கெட் எல்லாவற்றிலும் தொல்லை. வேறு வழியின்றிப் பெயரையே மாற்றிக்கொண்டவர்களும் உண்டு.

இது நியாயமா? பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் அது. கம்ப்யூட்டரோ நாம் செய்த கருவி. கருவிதானே மாற வேண்டும்? செருப்பு சிறியது என்று காலையா வெட்டுவோம்?

நல்லவேளை, சீனாவில் 2023 ஆகஸ்டில் புதிய விதி நடைமுறைக்கு வந்தது. அதில் 87,887 சீன எழுத்துகளுக்கு இடமுண்டு.

உங்கள் வகுப்பிலும் வாயில் நுழையாத பெயருள்ள நண்பர் இருப்பார். கேலி செய்யாதீர்கள். இரண்டு முறை கேட்டு, சரியாகக் கூப்பிடுங்கள். அந்த முகம் மலர்வதைப் பாருங்கள்!