மூவரில் வீரர் யார்?



'அல்ட்ராமேன் பெரியவனா, கமென் ரைடர் பெரியவனா?' என்று, விடுமுறைக்கு வந்த என் பேரன்கள் இருவரும் சண்டை போட்டனர். தீர்ப்புச் சொல்லும் வேலை, பழைய வாத்தியாரான என் தலையில் விழுந்தது. விடைத்தாளைப் படிக்காமல் மதிப்பெண் போடலாமா? இரண்டையும் அவர்களோடு உட்கார்ந்து பார்த்தேன்.

இரண்டும் ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர்கள். 1971 ஏப்ரல் 2ல், 'அல்ட்ராமேன் திரும்பி வந்தான்' தொடங்கியது. மறுநாளே, 'கமென் ரைடர்' வந்து விட்டது. 'கமென்' என்றால் முகமூடி.

முதல் தொடரின் நாயகன், கோ ஹிடேகி. ராட்சத விலங்கு ஊரை அழித்தபோது, ஒரு சிறுவனைக் காப்பாற்றப் போய் உயிரை விடுகிறான். அந்தத் தியாகத்தைக் கண்ட அல்ட்ராமேன், அவனோடு ஒன்றாகக் கலந்து உயிர் கொடுக்கிறான். ஆபத்து வந்தால், அவன் 40 மீட்டர் உயர வீரனாக மாறுவான்!

ரைடரோ, ஹோங்கோ தகேஷி என்ற கல்லூரி மாணவன். 'ஷோக்கர்' என்ற கொடியவர் கூட்டம் அவனைக் கடத்தி, வெட்டுக்கிளியின் ஆற்றல் கொண்ட இயந்திர மனிதனாக்குகிறது. மூளையை மாற்றுவதற்குள் தப்பி விடுகிறான். கெட்டவர்கள் கொடுத்த பலத்தாலேயே, அவர்களை எதிர்க்கிறான். மோட்டார் சைக்கிளில் அவன் பறந்து வரும் அழகே தனி. விறுவிறுப்புக்கு என் மதிப்பெண் ரைடருக்குத்தான்.

ஆனால், ரைடர் கதையில் கெட்டவர் யார் என்பது உடனே தெரிந்து விடும். நாமெல்லாம் நல்லவர் பக்கம்! அல்ட்ராமேன் தொடரின் 33ம் கதை, நம்மை அப்படிச் சும்மா விடவில்லை.

ஆற்றங்கரைக் குடிசையில், ரியோ என்ற ஆதரவற்ற சிறுவன், ஒரு முதியவருடன் வாழ்கிறான். 'இவன் வேற்றுக்கிரகத்தான்' என்று ஊரே ஒதுக்குகிறது. பெரிய பையன்கள், அவனைக் கழுத்துவரை மண்ணில் புதைத்துக் கேலி செய்கின்றனர். உண்மையில், வேற்றுக்கிரகத்தவர் அந்த முதியவர்தான், பரம சாது. ஒரு ராட்சத விலங்கை மண்ணுக்கடியில் அடக்கி வைத்திருப்பவரும் அவரே.

ஒருநாள் ஊர்க் கூட்டம் ரியோவை இழுத்துச் செல்ல, முதியவர் உண்மையைச் சொல்லிக் குறுக்கே வருகிறார், சுடப்பட்டு இறக்கிறார். அடங்கிக் கிடந்த விலங்கு வெளியே வருகிறது. 'காப்பாற்றுங்கள்' என்று அதே கூட்டம் அலறுகிறது! கோவுக்கு உதவ மனமே வரவில்லை. கடைசியில் விலங்கை வென்றான். முதியவர் உயிரை மீட்க முடிந்ததா? இல்லையே!

இதை எழுதிய ஷோசோ உஎஹாரா, ஒகினாவா தீவில் பிறந்தவர். தம் தீவு மக்களை, மற்ற ஜப்பானியர் வேற்றாளாகப் பார்த்ததை அறிந்தவர்.

இதே கதையில், ரியோவுக்கு ரொட்டி விற்க ஒரு கடையில் மறுக்கின்றனர். அந்தக் கடைப் பெண் அவன் பின்னால் ஓடி வந்து, ரொட்டியைத் தருகிறாள். இரக்கப்பட்டுத் தரவில்லையாம், ரொட்டி விற்பது அவர்கள் தொழிலாம்! எல்லாருக்கும் தருவதை, அவனுக்கும் தந்தாள், அவ்வளவுதான்.

எனக்கு அந்தத் துணிச்சல் ஒருமுறை இல்லாமல் போனது. புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவனின் பேச்சைக் கேட்டு, வகுப்பே சிரித்தது. அதட்ட வேண்டிய நானும் சிரித்து விட்டேன். அவன் தலை குனிந்தது, இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

எனவே, என் தீர்ப்பு: முதல் மதிப்பெண் அந்தக் கடைப் பெண்ணுக்கே! பேரன்கள் ஒப்புக்கொள்ளவில்லை, போகட்டும். உங்கள் வகுப்பில் யாரும் சேர்த்துக் கொள்ளாத ஒருவன் இருக்கிறானா? நாளை மதியம், அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அதற்கு 40 மீட்டர் உயரம் தேவையில்லை.