பழைய டிராக்டரின் ஸ்டீயரிங்கும் துருவும்

காவேரிப் பாசனப் பிரதேசத்தில் உழவு மாடுகள் செய்துவந்த வேலையிற் பெரும்பகுதியை இக்காலத்தில் டிராக்டர்களே செய்து வருகின்றன. அவற்றுட் பல, ஒருவர் ஓட்டி விற்றபின் மற்றொருவர் வாங்கிய பழைய யந்திரங்கள். எஞ்சின் ஒருநாள் நின்றாலும் உடனே மெக்கானிக்கை அழைக்கும் சொந்தக்காரர், முன்சக்கரங்களைத் திருப்பும் உறுப்புகளை வருஷக்கணக்கில் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. எஞ்சின் கெட்டால் நஷ்டம் பணத்தோடு போகும். ஸ்டீயரிங் கெட்டால் உயிர்ச்சேதம் நேரும். ஆதலின் முதற்கவனம் பெறவேண்டியது ஸ்டீயரிங்கே.

இரும்பும் நீரும் காற்றும் கூடுமிடத்தில் துரு உண்டாகும். உப்பும் சேருமாயின் அது விரைந்து பெருகும். குறுவைக்கும் சம்பாவுக்கும் கேஜ் வீல் பூட்டிச் சேற்றுழவு செய்யும் டிராக்டரின் முன் அச்சில் ஒட்டிய சேறு, வெளியே காய்ந்து தோன்றினும் உள்ளே ஈரத்தைக் காத்து நிற்கும். நாகப்பட்டினம் போன்ற கடலோரத்து உப்புக்காற்று இத்தீமையை மிகுவிக்கும். உரமூட்டைகளை அடுக்கிய கொட்டகையிலேயே டிராக்டரையும் நிறுத்தும் வழக்கம் நன்றன்று. உரத்தூள் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும் இயல்புடையது.

துரு வெளியிற் காண்பதினும் மறைவில் தின்பதே அதிகம். டைராடு முனையிலுள்ள பால் ஜாயிண்டின் ரப்பர் உறை கிழிந்தால், சேறு உட்புகுந்து கிரீஸைக் கெடுக்கும். உருண்டையும் அதைத் தாங்கும் கிண்ணமும் தேய்ந்து, முடிவில் ஒன்றைவிட்டு ஒன்று நழுவும். நட்டைக் காக்கும் சிறு ஸ்பிளிட் பின் துருவால் அற்றுப்போனால், நட்டு அதிர்ச்சியில் மெல்லக் கழலும். இணைப்பு அறுந்த கணத்தில், ஓட்டுபவர் கையிலுள்ள சக்கரம் சுழலும். முன்சக்கரமோ தன்போக்கிற் செல்லும். வயலில் இது நேர்ந்தால் வரப்புச் சிதையும். நெல்லோ கரும்போ ஏற்றிய டிரெயிலருடன் வாய்க்கால்கரைச் சாலையில் நேர்ந்தால் விளைவு என்னவென்று சொல்லவேண்டுவதில்லை.

சர்க்கார் சோதித்துச் சொல்லட்டுமென்று காத்திருத்தலும் பயன்தராது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் இயற்றப்பட்ட விதிகள், விவசாய டிராக்டரைப் போக்குவரத்து வாகனமாகக் கொள்வதில்லை. அதன் பதிவு 15 வருஷம் செல்லும். பின்னர் 5 வருஷத்துக்கொருமுறை புதுப்பிக்கப்படும். இடைக்காலத்தில் அதனைச் சோதிக்கும் பொறுப்பு முழுவதும் சொந்தக்காரரையே சாரும்.

சோதனை கடினமன்று. எஞ்சினை நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறிது அசைக்க, மற்றொருவர் ஒவ்வொரு மூட்டையும் கையால் தொட்டுப் பார்த்தல்வேண்டும். மூட்டில் ஆட்டமோ ஓசையோ காணின் அதனை மாற்றவேண்டும். ஸ்டீயரிங் பாக்ஸிலுள்ள ஆயில் வெண்மை கலந்து குழம்பியிருந்தால் உள்ளே நீர் புகுந்ததென அறியலாம். சேற்றுழவு முடிந்ததும் முன் அச்சைக் கழுவி உலர்த்தி, பழைய கிரீஸ் வெளிவந்து புதியது தோன்றும்வரை ஏற்றுதல் அவசியம்.

செலவுக்கஞ்சி, துருவால் மெலிந்து அறுந்த டைராடைப் பற்றவைத்து ஓட்டுவோர் உளர். இது சிக்கனமாகாது. மெலிந்த இரும்பு பற்றவைத்த இடத்தை ஒட்டியே மறுபடியும் அறும். அதுவும் பாரம் ஏறிய வேளையிலேயே அறும். புதிய உறுப்பின் விலை, ஒரு பருவத்து வாடகை வரும்படியில் மிகச் சிறு பகுதியே.

இன்னுமொரு குறை பெரிது. பல இடங்களில் சொந்தக்காரர் வேறு, ஓட்டுபவர் வேறு. பழுதை முதலில் அறிபவர் கூலிக்கு ஓட்டுபவரே. ‘ஸ்டீயரிங்கில் பிளே அதிகமாயிருக்கிறது, ஐயா’ என்று அவர் சொன்னால், ‘இன்னும் நாலுநாள் ஓட்டு, பிறகு பார்ப்போம்’ என்பதே மறுமொழியாய் வருகிறது. அந்த நாலு நாளில் ஆபத்துக்குள்ளாவது சொந்தக்காரரின் உயிரன்று. ஆகவே, ஓட்டுபவர் குறை சொன்ன டிராக்டரைப் பழுது நீக்காமல் சாலைக்கு அனுப்புவதில்லையென்று ஒவ்வொரு சொந்தக்காரரும் உறுதிகொள்ளல்வேண்டும்.

மேட்டூர் அணை திறக்க வழக்கமாகக் குறித்த நாள் ஜூன் 12. அதற்கு முன்னே விதையும் உரமும் சேகரிப்பதுபோலவே, ஸ்டீயரிங் மூட்டுகளைச் சோதித்து முடிப்பதையும் குடியானவர்கள் பருவ வேலைகளுள் ஒன்றாகக் கொள்வார்களாக.