செம்மணி: எலும்பு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

செங்கத்தில் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஓர் இளைஞர் கைபேசியை நீட்டினார். யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழி பற்றிய காணொளி. ‘பெண்களின் எலும்புக்கூடுகள்’ என்று தலைப்பிட்டிருந்தார்கள். "ஹஜ்ரத், வெறும் எலும்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று எப்படிச் சொல்கிறார்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வாசலில் நின்று சொல்ல முடியாத அளவுக்கு நீளமான பதில்.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். 1998இல், மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற இராணுவத்தினர் சோமரத்ன ராஜபக்ஷ, செம்மணியில் 300 முதல் 400 உடல்கள் வரை புதைக்கப்பட்டதாக நீதிமன்றத்தில் கூறினார். 1999இல் தோண்டியபோது கிடைத்தவை 15 உடல்கள். பிறகு கால் நூற்றாண்டு மௌனம். 2025 பிப்ரவரியில் அருகிலுள்ள சித்துப்பாத்தி மயானத்தில் தகன மேடைக்காக மண் தோண்டிய தொழிலாளர்கள் எலும்புகளைக் கண்டார்கள். மே மாதம், பேராசிரியர் ராஜ் சோமதேவ தலைமையில் நீதிமன்ற மேற்பார்வையோடு அகழ்வு தொடங்கியது. செப்டம்பருக்குள் எண்ணிக்கை 230ஐத் தாண்டியது.

இனி இளைஞரின் கேள்விக்கு வருவோம். தடயவியல் மருத்துவர் முதலில் தேடுவது இடுப்பெலும்பை. பிரசவத்திற்கு இடம் தரும்படி பெண்ணின் இடுப்பை அல்லாஹ் அகலமாகப் படைத்திருக்கிறான். முன்பக்கத்தில் இரு எலும்புகளும் சேரும் இடத்துக்குக் கீழே உள்ள கோணம் பெண்ணுக்கு விரிந்தும், ஆணுக்குக் குறுகியும் இருக்கும். அடுத்தது மண்டையோடு. புருவ மேடு, காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு முண்டு, தாடை ஆகியவை ஆணுக்குப் பொதுவாகத் தடித்திருக்கும். முழு இடுப்பெலும்பு கிடைத்தால் சுமார் 95 சதவீதம் சரியாகச் சொல்லலாம், மண்டையோடு மட்டும் என்றால் ஏறக்குறைய 90, கை கால் எலும்பு மட்டும் என்றால் 80 என்று பாடநூல்கள் கணக்குத் தருகின்றன.

இந்தக் கணக்குகள் பெரும்பாலும் மேற்கத்திய உடல்களை அளந்து பெறப்பட்டவை. நம் பகுதியின் மெலிந்த உடல்வாகுள்ள ஆணின் தொடை எலும்பை அந்த அளவுகோலில் வைத்தால் பெண் என்று பதிவாகிவிடக்கூடும். பருவம் அடையாத பிள்ளைகள் விஷயத்தில் எலும்பை மட்டும் நம்பி ஆண், பெண் சொல்வது ஏறத்தாழ இயலாத காரியம். செம்மணியில் ஒரு சிறுபிள்ளையின் எலும்புக்கூட்டோடு நீலநிறப் பள்ளிப் பையும் பொம்மையும் கிடைத்தன. பற்களைக் கொண்டு வயதைக் கணிக்கலாம். சிறுவனா சிறுமியா என்பதை உடையும் பொருளும் ஊகமாகத்தான் சொல்லும், மரபணுதான் உறுதியாகச் சொல்லும். அறிக்கை வருமுன் ‘பெண்கள்’ என்று தலைப்பிடுவோர் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவவில்லை. நாளை அறிக்கை வேறுவிதமாக வந்தால், மறுப்போருக்கு அதுவே ஆயுதமாகிவிடும்.

மன்னாரில் இப்படி நடந்திருக்கிறது. 2018இல் சதொச வளாகத்தில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. 2019இல் அமெரிக்க ஆய்வகத்தின் கார்பன் சோதனை அவை பல நூறு ஆண்டுகள் பழையவை என்றது. எத்தனையோ தாய்மார்களின் எதிர்பார்ப்பு ஒரே நாளில் சரிந்தது. அந்த முடிவு பற்றிய சர்ச்சையும் ஓயவில்லை.

ஆணா, பெண்ணா என்பது வெறும் ஆர்வக் கேள்வி அல்ல. மார்க்கத்தைப் படித்தவர்களுக்கு ‘மஃப்கூத்’, அதாவது காணாமல் போனவர் பற்றிய சட்டம் தெரியும். கணவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாத பெண் இத்தா இருக்கவும் முடியாது, மறுமணம் செய்யவும் முடியாது, வாரிசுச் சொத்தைப் பங்கிடவும் முடியாது. மாலிக்கீ மத்ஹபில் நான்கு ஆண்டு தவணை உண்டு. நம் நாட்டின் 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண ரத்துச் சட்டமும் நான்கு ஆண்டு என்றே வைத்திருக்கிறது. வடக்கு, கிழக்கில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மஃப்கூத் மனைவியாகவே வாழ்ந்து முதுமை அடைந்தவர்கள் இருக்கிறார்கள். கப்ரைத் தோண்டலாமா என்று கேட்போருக்கும் இதுவே பதில். மய்யித்தின் எலும்புக்கும் உயிருள்ளவரின் எலும்புக்குரிய மரியாதை உண்டு என்று நபிமொழி வழியே அறிந்திருக்கிறோம். பெயரில்லாமல் கிடப்பவருக்குப் பெயரைத் திருப்பித் தருவது அந்த மரியாதையில் சேர்ந்தது.

நம் சமுதாயத்துக்கும் அங்கே ஒரு குழி இருக்கிறது. 1990 ஜூலையில், ஹஜ்ஜிலிருந்து திரும்பியவர்கள் உட்பட காத்தான்குடிக்குச் சென்றுகொண்டிருந்த முஸ்லிம்கள் குருக்கள்மடத்தில் விடுதலைப் புலிகளால் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். எலும்புகளையாவது எடுத்து ஜனாஸா தொழுது அடக்க வேண்டும் என்று குடும்பங்கள் இன்றுவரை கேட்கின்றன. செம்மணியைப் பேசும்போது குருக்கள்மடத்தை மறப்பவர்களும், குருக்கள்மடத்தைச் சொல்லி செம்மணியை அலட்சியம் செய்பவர்களும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்.

இரண்டு இடத்துக்கும் தேவை ஒன்றுதான்: உறவினர்களின் மரபணு மாதிரிகளை இப்போதே எடுத்துப் பாதுகாப்பது. தாயின் மாதிரி இருந்தால் எலும்பை ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது. கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி முதல் தொடர்ந்து போராடிவரும் தாய்மார்களில் பலர் பதில் தெரியாமலேயே இறந்துவிட்டார்கள்.